எங்களுக்கு வேண்டாத பதினாறு கோல்

வார இறுதி கால்பந்து லீக் குழுவினருக்கு,

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை 16-0 என்று ஜெயித்த அணியின் கோலி, அதாவது கோல்கீப்பர், நான். தோற்ற அணி இதை எழுதியிருந்தால் வயிற்றெரிச்சல் என்று சொல்லி மூடியிருப்பீர்கள். ஜெயித்தவனைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாதே என்பதால் நான் எழுதுகிறேன். திங்கட்கிழமை உங்கள் செயலாளரை போனில் கூப்பிட்டேன். "ஜெயிச்ச டீம் எதுக்கு ஓய் அழுறீரு?" என்று சிரித்தார். புதன்கிழமை தலைவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதன் பிறகுதான் எல்லோரும் படிக்கட்டும் என்று இப்படி எழுத உட்கார்ந்தேன்.

எழுபது நிமிட ஆட்டத்தில் நான் பந்தைத் தொட்டது நான்கு தடவை. எங்கள் பேக்கு (தடுப்பாட்டக்காரன்) சும்மா பின்னால் தட்டிவிட்டது இரண்டு தடவை, கோல்கிக் ஒன்று. நான்காவது, கோல்கம்பம் பக்கம் தேங்கிய மழைத்தண்ணீரில் பந்து கிடந்தபோது எடுத்து என் சட்டையில் துடைத்து ரெஃப்ரியிடம் வீசியது. அவ்வளவுதான். வேலையில்லாமல் நின்றவனுக்கு மைதானம் முழுதும் தெளிவாகத் தெரியும். நான் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

எதிரணியில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் கல்லூரிப் பையன்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார். இன்னொருவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் கேரளத்தில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து) ஆடி நல்ல பேர் வாங்கியவர், முழங்காலில் துணிக்கட்டு போட்டு இடது பேக்காக நின்றார். கோல் கம்பத்துக்குக் கீழே பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன். கையுறை இல்லை. அண்ணன்தான் அணியின் கோலி, அண்ணன் கடலுக்குப் போயிருக்கிறான், அதனால் தம்பி வந்திருந்தான்.

அண்ணன் மட்டுமில்லை. அந்த அணியின் முதல் பதினொரு பேரில் எட்டுப் பேர் அன்று கடலில் இருந்தார்கள்.

இது உங்களுக்குத் தெரியாமல் நடந்ததா? நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், நீரோடியில் தொடங்கி இரையுமன்துறை வரைக்கும் எட்டு ஊர். தங்குகடல் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள் அவை. சுறாவுக்கும் சூரைக்கும் போகிறவர்கள் கொச்சி தோப்பும்படியிலிருந்து கிளம்பினால் ஒரு மாதம் கடலிலேயே கிடப்பார்கள், சில தடவை அதற்கு மேலும் ஆகும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம்தான் அந்தப் பையன்கள் வீட்டில் இருப்பார்கள், மைதானத்தில் இருப்பார்கள். மழையோ சேறோ, அந்த ஊர்களில் பந்து உருளாத சாயங்காலம் அப்போது கிடையாது. நம் லீக் ஜூன், ஜூலை மாதங்களில் நடப்பதே இதற்காகத்தான் என்று நான் சேர்ந்த வருஷம் இதே குழுவில் இருந்த ஒரு மூத்தவர் சொல்லித் தந்தார். அவர் இப்போது குழுவில் இல்லை. அவர் சொன்னதும் இல்லாமல் போயிற்று போலிருக்கிறது.

எங்களுக்கும் அவர்களுக்கும் கடைசி லீக் ஆட்டம் ஜூலை கடைசி ஞாயிறு என்று அட்டவணையில் அச்சடித்திருந்தீர்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. சிறப்பு விருந்தினருக்கு அன்று வேறு நிகழ்ச்சி, நேரலை எடுக்கிற கேமராக்காரருக்கும் அன்று கல்யாண வேலை, ஆகவே ஆட்டம் ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு. கடற்கரை அணியின் கேப்டன் ஐந்து நிமிஷத்தில் பதில் போட்டார்: "ஒண்ணாம் தேதி போட்டு (படகு) கிளம்பிரும், எங்க ஆளுக யாரும் கரையில இருக்க மாட்டாங்க." அந்தச் செய்தி இன்றைக்கும் குரூப்பில் இருக்கிறது, மேலே தள்ளிப் பாருங்கள். அதற்குக் குழு உறுப்பினர் ஒருவர் எழுதிய பதிலும் இருக்கிறது: "தடைக்காலம் ஜூன் 14லயே முடிஞ்சுதே?"

ஜூன் 14 என்பது கிழக்குக் கடலுக்கு. ஏப்ரல் 15க்குத் தொடங்கி ஜூன் 14க்கு முடியும், சின்னமுட்டம் படகுகளுக்கு அந்தக் கணக்கு. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் மேற்குக் கணக்கு. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் இருப்பது ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியும். பதினாறு அணிகளை வைத்து லீக் நடத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? சரி, தெரியவில்லை. கேப்டன் சொன்ன பிறகாவது கேட்டிருக்கலாமே. அவர் மறுபடி எழுதினார், போனும் செய்தார். "டேட் போட்டாச்சு, இனி மாத்த முடியாது" என்று பதில். இரண்டு நாள் முன்னால் மாற்றிய தேதியைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

கடைசியில் அந்தச் சிறப்பு விருந்தினர் ஆகஸ்ட் ஞாயிறும் வரவில்லை. அது வேறு விஷயம்.

எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அவர்கள் ஏன் வந்தார்கள் என்று எங்கள் பையன்களில் சிலர் கேட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் நான் அவர்கள் கேப்டனிடமே கேட்டேன். உங்கள் விதிப்புத்தகத்தைத்தான் காட்டினார். ஒரு அணி வராவிட்டால் எதிரணிக்கு வாக்கோவர், ஆடாமலே 3-0 வெற்றி. கட்டிய டெபாசிட் 5,000 ரூபாய் திரும்ப வராது. அடுத்த ஆண்டு லீக்கில் இடமும் கிடையாது. அந்த மூன்றாவது விதிக்குப் பயந்துதான் ஆட்டோக்காரரையும் ஐம்பது வயசுக்காரரையும் பிளஸ் ஒன் பையனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரலன்னா மூணு, வந்தா பதினாறு. இனி நாங்க வரணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கோ அண்ணே."

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் ஒன்று. அந்தப் பிளஸ் ஒன் பையனின் பேர் நீங்கள் ஜூன் மாதம் வாங்கிய ஆட்டக்காரர் பட்டியலில் இல்லையாம். அதற்காக டெபாசிட்டில் 2,000 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். அண்ணன் கடலுக்குப் போகும்படி தேதியை மாற்றியது நீங்கள். அண்ணனுக்குப் பதில் தம்பி வந்ததற்கு அபராதம் போட்டதும் நீங்கள்.

இப்போது எங்கள் பக்கக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் யோக்கியன் வேஷம் போடுவதாக ஆகிவிடும்.

அந்த ஆட்டத்துக்கு முன் எங்களுக்கும் அவர்களுக்கும் ஏழு ஏழு புள்ளி. எங்கள் பிரிவிலேயே இருக்கிற மலையடிவார அணி ஐந்து ஆட்டமும் முடித்துப் பத்துப் புள்ளியோடு, கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) ஒன்பதோடு உட்கார்ந்திருந்தது. எங்கள் வித்தியாசம் வெறும் இரண்டு. நாங்கள் ஜெயித்தாலும் பத்துதான். அவர்களைத் தாண்டி அரையிறுதிக்குப் போக வேண்டுமானால் எட்டுக் கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ஏழு புள்ளியும் ஏழு புள்ளியும் மோதுகிற ஆட்டத்தில் எட்டுக் கோலுக்கு ஜெயிப்பது நடக்கிற காரியமா? பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை. எதிரே எட்டுப் பேர் நிற்பதைப் பார்த்ததும்தான் எங்கள் கோச் விரலை மடக்க ஆரம்பித்தார். "எட்டு, எட்டு" என்று எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே கத்தினார். நானும் கத்தினேன். மூன்றாவது கோல் விழுந்ததும் பந்தை வலையிலிருந்து எடுத்து ஓடி வரச் சொல்லி சத்தம் போட்டது நான்தான். இடைவேளைக்கு விசில் ஊதியபோது சரியாக எட்டு.

சரி, அந்த எட்டுக்கு ஒரு காரணம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த எட்டு எதற்கு? யோசித்துப் பார்த்துவிட்டேன், பதில் இல்லை. கால் பழகிவிட்டது, அடித்துக்கொண்டே இருந்தோம்.

இடைவேளையில் நான் அந்தப் பக்கம் போனேன். பையன் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்று உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான். நனைந்த பந்தின் கனம் கோலிகளுக்குத்தான் தெரியும், அதுவும் வெறுங்கையில். இரண்டு கையும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தன. என் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன். நான் போட்டிருந்தும் அது காய்ந்துதான் இருந்தது, அன்றைக்கு எனக்கு அது எதற்கு? மணிக்கட்டில் சுற்றுகிற பட்டையைக் காட்டி, "அண்ணே, இத எப்படிக் கட்டணும்?" என்று கேட்டான். கட்டிவிட்டேன். கட்டும்போதுதான் அவன் சட்டைக் கையின் ஓரத்தைப் பார்த்தேன். நீல நூலில் ஒரு சின்னப் படகு, அதன் கீழே 30-11-2017. ஒக்கி புயல். அண்ணனின் சட்டையாகத்தான் இருக்கும், முழங்கை வரை தொங்கியது. இரண்டாம் பாதியில் அவன் மூன்று நல்ல சேவ் செய்தான். அதில் ஒன்று இடது பக்கம் தரையோடு போனது, நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். எட்டு விட்டான்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷத்தில் முழங்கால் கட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. ஸ்ட்ரெச்சர் இல்லை. ஐஸ் இல்லை. முதலுதவிப் பெட்டி என்று உங்கள் மேஜையில் இருந்ததில் பாதி காலியான ஒரு ஸ்பிரே டப்பா. இரண்டு பேர் தோளில் போட்டுத் தூக்கிப் போனார்கள், அதில் ஒருவன் எங்கள் ஆள். அப்போது மீதி ஏழு பேர்.

எங்கள் கேப்டன் ரெஃப்ரியிடம் போய், நாங்களும் ஏழு பேராக ஆடுகிறோம், நான்கு பேரை வெளியே எடுத்துக்கொள்கிறோம் என்றான். ரெஃப்ரி நல்ல மனிதர், எனக்கு ஆட்சேபணை இல்லை, மேஜையில் கேட்டுவிட்டு வா என்றார். மேஜையில் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நேரலையில் பார்க்கிறவர்கள் மேட்ச் ஃபிக்ஸிங் என்பார்களாம். ஆட்டத்தை இத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று இரண்டு கேப்டனும் சேர்ந்து கேட்டதற்கு, ஏழு பேர் இருக்கிறார்கள், விதிப்படி ஆட்டம் நடக்கலாம் என்றீர்கள். கால்பந்தின் மூன்றாவது விதி ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தை நடத்தக் கூடாது என்று சொல்வது எனக்கும் தெரியும். ஏழு பேர் இருந்தால் கடைசி நிமிஷம் வரை அடித்துத்தான் தீர வேண்டும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

ஃபிக்ஸிங் பற்றி அவ்வளவு பயம் என்றால் ஒரு விஷயம் சொல்கிறேன். 2004இல் கோவாவின் இரண்டாம் டிவிஷனில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், ஒன்றில் 61-1, இன்னொன்றில் 55-1. மேலே போகிற இடத்துக்கு இரண்டு அணிகள் கோல் வித்தியாசத்தில் மோதிக்கொண்டிருந்தன. எதிரில் ஆடியவர்கள் கோலை வாரி வழங்கினார்கள். நான்கு அணிகளுக்கும் ஓராண்டு தடை விழுந்தது. இதில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கோல் வித்தியாசத்துக்கு எல்லை வைக்காமல் அதை வைத்தே இடத்தைத் தீர்மானித்தால், யோக்கியனும் அடித்துக்கொண்டே இருப்பான், அயோக்கியன் வாங்கிக்கொண்டே இருப்பான். எங்கள் 16-0ஐப் பார்த்து மலையடிவார அணிக்காரன் ஃபிக்ஸிங் என்று சந்தேகப்பட்டால் நான் அவனிடம் என்ன சொல்வது? அவனிடம் நாங்கள் ஜூன் மாதம் 2-0க்குத் தோற்றோம். மழையில் முறையாக ஆடி எங்களை ஜெயித்தவன் இன்று வீட்டில் இருக்கிறான். நாங்கள் அரையிறுதியில் இருக்கிறோம்.

கோலிகளுக்குக் கோலிகளைத்தான் நினைவிருக்கும். 2001 ஏப்ரல் 11, ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில் அமெரிக்கன் சமோவா என்ற குட்டிப் பசிபிக் தீவு அணி ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நடந்த ஆட்டம் அது. ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல் அடித்தார் என்று எல்லோரும் அவரைச் சொல்வார்கள். கம்பத்துக்குக் கீழே நின்றவர் நிக்கி சலாப்பு. பாஸ்போர்ட் சிக்கலில் அந்த அணியின் வழக்கமான ஆட்டக்காரர்கள் யாரும் வர முடியவில்லை, முதலில் தேர்ந்தெடுத்த அணியிலிருந்து மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். கூட நின்றவர்களில் பள்ளிப் பையன்களும் உண்டு. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர்கள் ஆடுகிற ஓஷியானியா வட்டாரத்தில் சின்ன நாடுகள் முதலில் தங்களுக்குள் மோதி வரட்டும் என்று ஒரு முன்சுற்று வைத்தார்கள். நடத்துகிறவர்கள் அட்டவணையில்தான் கோளாறு என்று ஒப்புக்கொண்டு அட்டவணையை மாற்றினார்கள். பத்து வருஷம் கழித்து 2011இல் அமெரிக்கன் சமோவா டோங்காவை 2-1க்கு ஜெயித்தபோதும் கோலி அதே சலாப்புதான். அந்த மனுஷன் அதுவரை விட்டுப் போகாமல் இருந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

நம் கடற்கரை அணி அமெரிக்கன் சமோவா அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். இரவிபுத்தன்துறையிலிருந்து கிளம்பிய மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக்கிலும் (ஐ.எஸ்.எல்.) இந்திய அணியிலும் ஆடியவர். அந்தக் கரையில் பந்து பழகாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போன வருஷம் ஜூலையில் இதே அணி எங்களை 4-1க்கு அடித்தது. நான்கையும் வலையிலிருந்து எடுத்தவன் நான். மூன்றாவது கோல் முப்பது கஜத்திலிருந்து வந்தது, கை நீட்டக்கூட நேரம் இல்லை. அன்று அடித்தவன் இந்த ஞாயிறு லட்சத்தீவுக்கு அப்பால் எங்கேயோ தூண்டில் இழுத்துக்கொண்டிருந்திருப்பான். அவனை ஜெயித்ததாக நான் எப்படி வீட்டில் சொல்வேன்?

இதெல்லாம் ஒரு பக்கம். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது உங்கள் போஸ்டர்.

ஆட்டம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆவதற்குள் லீக்கின் பக்கத்தில் போட்டீர்கள். அவர்கள் அப்போது ஊர் போய்ச் சேர்ந்திருக்கக்கூட மாட்டார்கள். பெரிய நீல அலை ஒன்று, அதன் உச்சியில் எங்கள் அணியின் சின்னம், அலைக்கு அடியில் சாய்ந்து முங்குகிற மாதிரி அவர்கள் அணியின் சின்னம். மேலே கொட்டை எழுத்தில் "கோல் சுனாமி 16-0".

நான் நாற்பது கிலோமீட்டர் உள்ளே மலைப்பக்கம் இருப்பவன். 2004 டிசம்பர் 26 அன்று நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். அப்படிப் பார்த்த எனக்கே அந்த வார்த்தையை விளையாட்டுக்கு எழுதக் கை வராது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் அன்று என்ன நடந்தது என்பது இந்த மாவட்டத்தில் போஸ்டர் அடிக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? அலையின் கீழே ஒரு கடற்கரை ஊரின் சின்னத்தை முங்க வைக்கும்போது, ஒக்கியில் போய்த் திரும்பாதவர்கள் அந்த ஊர்களில் எத்தனை வீட்டில் இருந்தார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தீர்களா? கேலி செய்யும் எண்ணம் இருந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். டெம்ப்ளேட்டில் அலை இருந்திருக்கும், தலைப்பு வாய்க்குச் சுலபமாக வந்திருக்கும். ஆனால் அந்தப் பையன் சட்டைக் கையில் இருந்த தேதியை நான் கிட்டத்தில் பார்த்தேன். அதே பையன் அன்று இரவு போனில் இந்தப் போஸ்டரையும் பார்த்திருப்பான். எங்கள் அணியின் சின்னத்தைக் கேட்காமல் அந்த அலையின் மேல் ஏற்றியதற்கு எங்களிடமும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்பது பேர் சம்பளம் இல்லாமல் கிரவுண்டுக்கு அனுமதி வாங்கி, கோடு போட்டு, ரெஃப்ரிக்கு வண்டி அனுப்பி இதை நடத்துகிறீர்கள். ஆனால் அந்த ஒன்பது பேரில் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. லீக்கில் இருக்கும் பதினாறு அணிகளில் ஆறு கரையோர அணிகள். ஒருவர் இருந்திருந்தால், "ஒண்ணாம் தேதி போட்டு கிளம்பிரும்" என்ற வார்த்தையை வெள்ளிக்கிழமை இரவே உங்கள் கூட்டத்துக்குள் சொல்லியிருப்பார்.

எங்கள் அணி செவ்வாய்க்கிழமை கூடிப் பேசியது. பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் இந்த மடலில் உள்ள கோரிக்கைகளுக்குச் சம்மதம் என்றார்கள். நான்கு பேருக்கு இல்லை, அடித்த கோல் அடித்ததுதானே என்பது அவர்கள் வாதம். அதில் ஐந்து கோல் அடித்தவனும் உண்டு, அவன் என்னோடு இன்னும் பேசவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மற்றபடி நாங்கள் கேட்பது இவை.

அந்த ஆட்டத்தின் முடிவை ரத்து செய்து, கடற்கரை அணியின் படகுகள் திரும்பியதும் அவர்கள் சொல்லும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி நடத்துங்கள். அதுவரை எங்கள் பிரிவின் அரையிறுதியைத் தள்ளிவையுங்கள். விருந்தினருக்காக இரண்டு வாரம் தள்ளிவைக்க முடிந்த லீக்கை ஆட்டக்காரர்களுக்காகத் தள்ளிவைப்பதில் சிரமம் இருக்காது. கிரவுண்டு கிடைக்காது, மைதானச் செலவு கூடும் என்றால் அந்த ஒரு நாள் வாடகையை எங்கள் அணி தருகிறது. அதுவும் முடியாது என்றால் எங்கள் வெற்றியை வாக்கோவர் கணக்கில் 3-0 என்று பதிவு செய்யுங்கள். எங்கள் வித்தியாசம் அப்போது ஐந்து, மலையடிவார அணியின் வித்தியாசம் ஒன்பது. அரையிறுதி இடம் அவர்களுடையது. இரண்டில் எதையும் செய்யாமல் வரும் ஞாயிறு எங்களை அரையிறுதிக்குக் கூப்பிட்டால் நாங்கள் இறங்க மாட்டோம். எங்கள் டெபாசிட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை அணியிடம் பிடித்த 2,000 ரூபாயை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். முழங்கால் அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவைக் குழு ஏற்க வேண்டும். இனி எந்த ஆட்டமும் ஸ்ட்ரெச்சரும் ஐஸ் பெட்டியும் முதலுதவி தெரிந்த ஒரு ஆளும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

போஸ்டரை எடுங்கள். எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், அதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். தலைவரும் செயலாளரும் அந்த ஊருக்கு நேரில் போய் அணியைப் பார்த்துப் பேசினால் இன்னும் நல்லது. எங்கள் கேப்டனும் நானும் கூட வருகிறோம்.

அடுத்த ஆண்டு அட்டவணையில் கரையோர அணிகளின் எல்லா ஆட்டமும் ஜூலை 31க்குள் முடியும்படி வையுங்கள், மழையில் நின்றுபோகிற ஆட்டத்துக்கான மாற்றுத் தேதியும் அதற்குள்ளேயே இருக்கட்டும். அச்சடித்த தேதியை மாற்ற வேண்டுமானால் ஏழு நாள் முன்னால் சொல்லி, இரண்டு கேப்டனின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே மாற்றுங்கள். புள்ளி சமமானால் முதலில் அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு கோல் வித்தியாசம். ஒரு ஆட்டத்திலிருந்து ஐந்து கோலுக்கு மேல் வித்தியாசத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு கேப்டனும் ஒத்துக்கொண்டால் ஆட்டத்தை முன்னதாக முடிக்கவும், இரண்டு பக்கமும் ஆள் குறைத்து ஆடவும் விதியில் இடம் வையுங்கள். குழுவில் கரையோர அணிகளுக்கு இரண்டு இடம் கொடுங்கள்.

பதில் எழுத்தில் வேண்டும், கட்டைவிரல் போதாது. வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். ஆறு மணிக்கு நான் வெளியே பெஞ்சில் இருப்பேன், கூப்பிட்டால் உள்ளே வந்து பேசுகிறேன். கடற்கரை அணியின் கேப்டனையும் கூப்பிட்டிருக்கிறேன், அவர் மீன் ஏலம் முடிந்துதான் வர முடியும், ஏழு ஆகும். அவர் வருகிற வரை கூட்டத்தை முடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம் எண் சட்டைக்காரன்